வகுப்பு பள்ளிவாசலுக்குப் போன நாள்

1

இங்கே, இங்கிலாந்தில், மதம் ஒரு பாடம். கணக்கு, அறிவியல் போல அதற்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் உண்டு. ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, சீக்கியர் ஏன் முடி வெட்டுவதில்லை, யூதர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்ன செய்வார்கள், கடவுளே இல்லை என்கிறவர்கள் எதை நம்பி நல்லவர்களாக இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்கும். டீச்சரும் சளைக்காமல் பதில் சொல்வார். எந்த மதத்திலும் சேர் என்று சொல்லக்கூடாது, சேராதே என்றும் சொல்லக்கூடாது. அதுதான் விதி.

நான் அந்த வகுப்பில் டீச்சருக்கு ஒத்தாசை செய்கிற ஆள். பென்சில் சீவுவது, மூக்கு துடைப்பது, எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி வாசிக்க வைப்பது எல்லாம் என் வேலை. கன்னியாகுமரியில் எம்.ஏ. படித்தவள் யார்க்ஷயரில் மூக்கு துடைக்கிறாளா என்று என் தம்பி கேட்டான். துடைத்துப் பார்த்தால் அவனுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் சின்னது, நான்காம் வகுப்பு ஒன்றுதான். என் மகள் ஜெனிஷாவும் அதில்தான் படித்தாள். பள்ளியில் என்னை அம்மா என்று கூப்பிடக்கூடாது என்று அவளாகவே முடிவு செய்து, மற்றப் பிள்ளைகளைப் போல மிசஸ் ஆன்றனி என்பாள். முதல்நாள் எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு பழகிவிட்டது.

அலமாரியில் மதத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். இஸ்லாம் பெட்டியில் தொழுகைப் பாய், தொப்பி. இந்துப் பெட்டியில் சின்னப் பிள்ளையார், மணி, எண்ணெயே கண்டிராத விளக்கு. கிறிஸ்தவப் பெட்டியை ஆசையாகத் திறந்தேன். மரச்சிலுவையும் ஞானஸ்நானக் கிண்ணமும் இருந்தன. உப்பும் மிளகும் நேர்ச்சை போடுவது, கொடியேற்று, சப்பரம், மொட்டை ஒன்றும் இல்லை. குத்துவிளக்கை இந்துப் பெட்டியில் வைத்திருக்கிறீர்களே, எங்கள் கோயிலில் திருப்பலிக்கு முன்னால் அதைத்தான் ஏற்றுவோம் என்று சொன்னேன். டீச்சர் மிஸ் வாட்சன் நல்ல பெண், மெனக்கெட்டு இன்னொரு விளக்கு வாங்கி இந்தப் பெட்டியிலும் போட்டார். ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் அய்யாவழி. கண்ணாடிக்கு முன்னால் நின்று கும்பிடுவார்கள். அவர்களுக்குப் பெட்டியே கிடையாது. அதைச் சொல்லி அந்தப் பெண்ணை மேலும் பயமுறுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

2

ஜெனிஷா இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, உங்கள் வீட்டில் சாமி பற்றிச் சொல்லும் கதை ஒன்றைச் சொல் என்று கேட்டிருக்கிறார்கள். அவள் சொன்ன கதையில் மாதாவும் இல்லை, சவேரியாரும் இல்லை. குளச்சல் பள்ளிவாசலும் அவளும்தான்.

அவளுக்குப் பத்து மாதம் இருக்கும்போது முதல்முறையாக ஊருக்குக் கொண்டுபோனோம். என் வீட்டுக்காரர் ஆன்றனிக்குச் சொந்த ஊர் குளச்சல். அந்திக் கருக்கலானால் பிள்ளை வீறிட்டு அழும். டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. மாமி, அதாவது ஆன்றனியின் அம்மா, பிள்ளை எதையோ கண்டு பயந்திருக்கிறது, பள்ளிவாசலில் ஓத வைத்துக்கொண்டு வாருங்கள் என்றார். நான் சிரித்தேன். ஆன்றனி சிரிக்கவில்லை. மனிதர் இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு, டம்ளரில் தண்ணீரோடு வாசலில் போய் நின்றார். அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம் நின்றது. நெற்றியில் நாமம் போட்டவர் ஒருவர், எங்கள் கோயில் பாட்டுக்குழுப் பெண் ஒருத்தி, எல்லார் கையிலும் ஒரு பிள்ளை. தொழுகை முடிந்து வெளியே வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்று, முணுமுணுவென்று ஓதி, பிள்ளைகளின் முகத்தில் ஊதிவிட்டுப் போனார்கள். மீன் வாடையும் அத்தர் வாடையும் கலந்து முகத்தில் அடித்தது. அன்று ராத்திரி ஜெனிஷா அசந்து தூங்கினாள். மருந்து வேலை செய்ய நேரமாகியிருக்கும் என்று சொல்லி ஆன்றனி அதற்குப் பிறகுதான் சிரித்தார்.

ஆனால் அந்தக் கதையை அவரைப்போல யாரும் சொன்னதில்லை. இங்கே வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வார். ஒவ்வொருவரும் எப்படி ஊதினார்கள் என்று நடித்தே காட்டுவார். கடைசி ஆளுக்குப் பல் இல்லாததால் எச்சில்தான் வந்தது என்று முடிப்பார். ஜெனிஷா விழுந்து விழுந்து சிரிப்பாள். அதைத்தான் அவள் வகுப்பில் சொன்னாள். டீச்சர் அசந்துபோய்ப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். வருஷம் முழுக்க அது அங்கேயே இருந்தது.

சுனாமியைப் பற்றி மட்டும் ஆன்றனி யாரிடமும் பேசுவதில்லை. அது எங்கள் கல்யாணத்துக்கு முந்தின விஷயம். அவர் அப்பா அன்றைக்குக் காலையில் வலை பார்க்கப் போனவர் திரும்பவில்லை. அவரைத் தேடி எடுத்தவர்களில் பாதிப்பேர் பள்ளிவாசல் தெருக்காரர்கள். வீடு போனதற்குப் பிறகு மாமியும் ஆன்றனியும் பாய் விரித்துப் படுத்தது அவர்களுடைய மதரஸாக் கூடத்தில்தான். இதெல்லாம் மாமி சொல்லி நான் அறிந்தது. இவர் டிசம்பர் இருபத்தாறு வந்தால் கூடுதல் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்.

3

நான்காம் வகுப்பில் நவம்பர் மாதம் பிள்ளைகளைப் பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலுக்குக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். இந்த ஊரில் பிள்ளைகளை வாசலுக்கு வெளியே கூட்டிப்போக என்னவெல்லாம் எழுத வேண்டும் தெரியுமா? வழியில் நாய் வந்தால் என்ன செய்வீர்கள், மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்றுகூட எழுதி வாங்கினார்கள். எல்லாவற்றையும் மிஸ் வாட்சனும் நானும் முடித்தோம். எந்தெந்தப் பெரியவர் யார் யாரோடு நடப்பது என்று பிரிக்கும்போது, ஜெனிஷாவை என் வரிசையில் போட வேண்டாம், வேறு ஆளோடு விடுங்கள், இல்லாவிட்டால் கையைப் பிடித்தபடியே இருப்பாள் என்றேன்.

மிஸ் வாட்சன் என்னைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. ஜெனிஷா வரவில்லையே என்றார்.

வேறு பிள்ளையின் பெயரோடு குழப்பிக்கொண்டார் என்று நினைத்தேன். இல்லை. முந்தின நாள் என் வீட்டுக்காரர் பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்திருக்கிறார். இங்கே சட்டப்படி மதப் பாடத்திலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு, காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே இரண்டு மூன்று வெள்ளைக்காரக் குடும்பங்கள் அப்படிச் சொல்லியிருந்தன. அவர்களைப் பற்றி ஆசிரியர் அறையில் நானும் சேர்ந்துதான் உச்சுக் கொட்டினேன். அந்தப் பட்டியலில் என் பிள்ளையும் இருக்கிறாள் என்றதும் எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

பிறகு சட்டென்று எனக்கு ஒன்று தோன்றியது. அப்பாவின் சாவு. மதரஸாக் கூடம், அந்தப் பாய், அந்த வாடை. பாவம் மனுஷன், அந்த நினைப்பெல்லாம் பிள்ளை மூலமாக வீட்டுக்குள் வந்துவிடும் என்று பயந்திருக்கிறார். மிஸ் வாட்சனிடம் அப்படியே சொன்னேன். அவர் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது. கேட்காமலே என் புருஷனுக்காக ஒரு காரணத்தை நானே தைத்து, அவருக்கு மாட்டியும் விட்டேன்.

4

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது ஆன்றனி சாளைமீனுக்கு மிளகு அரைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை மாடிக்குப் போய்விட்டாள். நான் மெதுவாக ஆரம்பித்தேன். அப்பா நினைப்பு வருகிறதென்றால் எனக்குப் புரிகிறது, என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

அவர் மிக்ஸியை நிறுத்தினார்.

"அப்பாவுக்கும் இதுக்கும் என்ன பிள்ளா சம்பந்தம்? எம்பிள்ள அங்க போவண்டாம், அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதையெல்லாம் எழுத எனக்குக் கை கூசுகிறது. இங்கே இருப்பவர்கள் யாரென்று உனக்குத் தெரியாது, உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைகளை என்ன செய்வார்களோ, வெள்ளைக்காரன் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டு இருக்கிறான், எல்லாம் திட்டம் போட்டு நடக்கிறது என்றார். போனை எடுத்து நீட்டினார். கூடப் படித்தவர்களின் வாட்ஸப் குழு. துபாயில் ஒருவன், பெங்களூரில் ஒருவன், நாகர்கோவிலில் ஒருவன், அனுப்பி அனுப்பி வைத்திருந்தார்கள். எந்த நாட்டில் எப்போது எடுத்ததென்றே தெரியாத வீடியோக்கள். நான் பக்கத்தில் படுத்துத் தூங்கும்போதெல்லாம் இந்த மனுஷன் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் ஏதோ பழைய பாட்டு என்று நினைத்தேன்.

கோபம் பிறகுதான் வந்தது, முதலில் வந்தது பயம். இவர் யார் என்று பயம். ஒன்பது வருஷமாக இந்த மனுஷனின் சட்டையைத் துவைக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

"இதே பிள்ளையத் தூக்கிட்டுப் பள்ளிவாசல் நடையில போயி நின்னது யாரு? நானா?" என்றேன்.

"அது வேற, இது வேற. அங்க உள்ளவங்க நம்ம ஆளு."

"ஒங்க அப்பாவத் தேடி எடுத்தது..."

"அப்பா பேச்ச எடுக்காத, கேட்டியா."

நான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். பக்கத்து வீட்டுக் கிழவர் சுவரில் தட்டினார். ஜெனிஷா மாடிப்படியில் வந்து நின்றது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எவ்வளவு நேரம் நின்றாளோ! எதையெல்லாம் கேட்டாளோ! இரண்டு பேரும் ஒன்றுமில்லாதது போல முகத்தை வைத்துக்கொண்டு மீன் பொரித்தோம்.

மறுநாள் காலையில் மாமிக்குப் போன் போட்டேன். மதரஸாவில் படுத்து எழுந்தவர், நோன்புக் காலத்தில் பக்கத்துத் தெருவிலிருந்து தூக்குவாளியில் வரும் கஞ்சிக்கு வாசலைப் பார்த்துக் காத்திருப்பவர். மகனின் காதைத் திருகுவார் என்று நம்பித்தான் கூப்பிட்டேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அவன் வேண்டாம்னு சொன்னா விட்டிரு மக்கா. அப்ப கஞ்சி தந்தவங்க வேற, இப்ப உள்ளவங்க வேற."

இப்போதும் கஞ்சி வருகிறதா மாமி என்று கேட்டேன். வரும், யார் வேண்டாம் என்றது என்றார். தருகிறவர்கள் அதே ஆட்கள்தானே என்றேன். கரண்டு போய்விட்டது, பிறகு கூப்பிடு என்று வைத்துவிட்டார். கரண்டு போனால் போனுக்கு என்ன? மகன் சொன்ன அதே வார்த்தையை, அதே வரிசையில், கடல் கடந்து அம்மாவும் சொல்கிறார் என்றால் யாரிடமிருந்து யாருக்குப் போனது இது? அடுப்படியில் நின்று நாலு வீடு கேட்க அழுதேன்.

நான் படித்த கன்னியாஸ்திரி பள்ளியில் மறைக்கல்வி வகுப்பு வந்தால் நாங்கள் ஒருபக்கம், மற்றவர்கள் நீதிபோதனைக்கு மறுபக்கம் போவோம். அவர்கள் என்ன நம்புகிறார்கள் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. எதற்குச் சொல்லித்தர வேண்டும், பக்கத்திலேதானே இருக்கிறார்கள் என்று எல்லாரும் இருந்தோம். கூட இருந்தால் போதும் என்று நானும் நினைத்திருந்தேன். போதவில்லை என்பது அன்றைக்குக் காலையில்தான் எனக்கு உறைத்தது.

தலைமை ஆசிரியையைப் போய்ப் பார்த்தேன். நானும் அவளுக்குத் தாய்தானே, நான் போகச் சொல்கிறேன் என்றேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பெற்றோருக்குள் ஒத்துவராவிட்டால் பள்ளி நடுவில் தீர்ப்புச் சொல்ல முடியாது, வீட்டில் பேசி முடிவுக்கு வாருங்கள், அதுவரை பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்றார். வீட்டில் பேசினேன். மூன்று நாள் பேசினேன், பிறகு பேசாமல் இருந்து பார்த்தேன். அசையவில்லை.

5

அந்த நாளும் வந்தது. வரிசையில் நின்ற பிள்ளைகளுக்குக் கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிட்டேன். போகாத பிள்ளைகளை நூலக அறையில் ஒரு டீச்சரோடு உட்கார்த்தி வைத்து, படத்துக்கு வண்ணம் தீட்டக் கொடுத்திருந்தார்கள். ஜெனிஷா ஜன்னலோரமாக இருந்தாள். நான் கையை ஆட்டினேன். அவள் ஆட்டவில்லை. மற்றவர்களுக்கு முன்னால் வெட்கப்படுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

அந்தப் பள்ளிவாசல் ஒரு காலத்தில் கம்பளி மில்லாக இருந்த கட்டடம். சுரையா என்ற பெண் எங்களை வரவேற்றார். அவரும் என் வயதுதான், பல் மருத்துவர், அன்றைக்கு லீவு போட்டு வந்திருந்தார். செருப்பைக் கழற்றி வைத்து, ஷாலை எடுத்துத் தலையில் போட்டேன். கோயிலுக்குப் போகும்போது சேலைத் தலைப்பைப் போடும் கை, தானாகவே செய்தது. அடுத்ததும் தானாகவே செய்துவிட்டது. கால் கை கழுவும் இடத்தில் ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. எங்கள் கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டியில் தொடுவதுபோல விரலை முக்கி, நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுவிட்டேன்.

பிள்ளைகள் அத்தனையும் பார்த்துவிட்டன. மிசஸ் ஆன்றனி என்ன செய்கிறார் என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு மானம் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டேன். சுரையாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பரவாயில்லை, தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது என்றார். பிறகு பிள்ளைகளைத் தரைவிரிப்பில் உட்கார வைத்துப் பேசினார். எல்லாரும் ஒரே நேரத்தில் முணுமுணுத்தால் கடவுளுக்கு எப்படிப் பிரித்துக் கேட்கும் என்று ஒரு பையன் கேட்டான். எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது, தெரிந்தால் எனக்கும் சொல் என்று பதில் சொன்னார். மிஸ் வாட்சன் அதைக் குறித்துக்கொண்டார்.

புறப்படும்போது சுரையாவிடம் குளச்சலில் பிள்ளைக்கு ஓதி ஊதியதைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியம். கிறிஸ்தவப் பிள்ளைக்கா என்றார். எல்லாப் பிள்ளைக்கும்தான் என்றேன். எங்கள் அம்மாவும் செய்வார், இங்கே இப்போது சிலர் அதெல்லாம் கூடாது என்கிறார்கள் என்றார். அந்தப் பிள்ளை இங்கே வந்திருக்கிறாளா, காட்டுங்கள் என்று வரிசையைப் பார்த்தார். நான் உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன். வேறு என்ன சொல்வது? பிள்ளைக்குக் கொடுங்கள் என்று ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் கையில் திணித்தார். திரும்பி நடந்த வழியெல்லாம் அது கோட்டுப் பையில் இடித்துக்கொண்டே இருந்தது. குப்பையில் போடவும் மனம் வரவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோகவும் தைரியம் இல்லை. கடைசியில் ஆசிரியர் அறையில் எல்லாருக்குமாக வைத்துவிட்டு வந்தேன்.

6

நூலக டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஜெனிஷா மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை, படத்துக்கு வண்ணமும் தீட்டவில்லை, ஜன்னலை விட்டு நகரவே மாட்டேன் என்றுவிட்டாள், வயிற்றுவலியாக இருக்கலாம் என்றார். தனியாக விட்டுவிட்டுப் போன கோபம் என்று நான் நினைத்தேன். எனக்கே அந்தக் கோபம் இருந்தது. பஸ்ஸில் கேட்டேன், வாய் திறக்கவில்லை. என் கையை மட்டும் விடவில்லை. வீட்டுப் பக்கத்து நிறுத்தம் வரும்வரை விடவில்லை.

ஆன்றனிக்கு அன்றைக்குக் காலை ஷிப்ட், எங்களுக்கு முன்பே வந்திருந்தார். அடுப்படியில் சோறு போட்டுக்கொண்டிருந்தார். கதவைச் சாத்தியதும் ஜெனிஷா என் முன்னால் வந்து நின்றாள். என் கோட்டைக் கழற்றினாள். ஸ்வெட்டர் கையை மேலே தள்ளி ஒரு கையைப் பார்த்தாள், பிறகு மறு கையைப் பார்த்தாள். கழுத்தில் கிடந்த ஷாலை விலக்கிப் பார்த்தாள். என்ன மக்கா என்றேன். அவள் வீட்டிலும் இங்கிலீஷ்தான் பேசுவாள். காய்ச்சல் வந்தாலோ கெட்ட கனவு கண்டாலோதான் தமிழ் வரும். அப்போது தமிழில் கேட்டாள்.

"அம்மா, அவங்க ஒன்ன ஒண்ணும் செய்யலியே?"

காலையிலிருந்து அந்த ஜன்னலில் பிள்ளை இதற்காகத்தான் உட்கார்ந்திருந்தாள். நான் உயிரோடு திரும்புவேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அங்கே சிலுவை போட்டு அசடு வழிந்துகொண்டிருந்த நேரம் முழுக்க என் பிள்ளை இங்கே செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறாள். ஒன்றும் செய்யவில்லை, சிரிக்கச் சிரிக்கப் பேசினார்கள் என்று எப்படியோ சொன்னேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. இன்னொரு தடவை என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

பிறகு அடுப்படிக்கு ஓடினாள். ஆன்றனி தட்டோடு அதன் வாசலில் வந்து நின்றிருந்தார், எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவள் அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவரும் தன்னைப் போலவே நாள் முழுக்கப் பயந்துகொண்டு இருந்திருப்பார் என்று நினைத்து, முதுகில் தட்டித் தட்டிச் சமாதானம் செய்தாள்.

"பயப்படாதீங்கப்பா. அம்மா வந்தாச்சு. அவங்க கொல்லல்ல."

அவர் கையிலிருந்த தட்டு சரிந்து சோறு தரையில் கொட்டியது. அவர் அதைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பிள்ளை மட்டும் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள்.